பாதை கடக்கும் பிள்ளைகள்

மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் தரையில் கிடக்கும் வழி மட்டுமில்லை. வாவியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்கும் அதுதான் பேர். மண்டூர்த் துறைக்கும் குருமண்வெளித் துறைக்கும் இடையில் அப்படியொரு பாதை ஓடுகிறது. காலையில் அதில் ஏறுகிறவர்களில் கச்சேரிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், சீருடையோடு நிற்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். மண்டூர் இருப்பது படுவான்கரை, சூரியன் படுகிற பக்கம். பாதை போய்ச் சேருவது எழுவான்கரை. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வயலும் குளமும் காடும் மேற்கே. பிரதான வீதியும் பெரிய பாடசாலைகளும் பட்டினமும் கிழக்கே.

கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகும் பிள்ளைகளின் மீள்திறன் பற்றி எழுத நினைத்தபோது முதலில் தடுக்கியது ‘நகரம்’ என்ற சொல்தான். இலங்கையின் குடிசன மதிப்பீடு மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் இருப்பதை மட்டுமே நகரம் என்று எண்ணுகிறது. அதனால்தான் 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நாட்டின் நகர மக்கள் வெறும் 18.2 வீதம். களுவாஞ்சிகுடி பிரதேச சபைக்குள் வருவதால் கணக்குப்படி அதுவும் கிராமமே. மண்டூரிலிருந்து உயர்தரம் படிக்கக் களுவாஞ்சிகுடிக்குப் போய்த் தங்குகிற பிள்ளை, புள்ளிவிபரத்தில் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குத்தான் போகிறது. அந்தப் பிள்ளையைக் கேட்டால் வேறு கதை சொல்லும். வங்கி, ரியூசன் வகுப்பு, பஸ் நிலையம், தன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற வகுப்பறை எல்லாம் அங்கேதான் அதற்கு முதன்முதலாக அறிமுகமாகின்றன.

ஏன் போகிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. இலங்கைப் பாடசாலைகள் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ளவை 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி, அதற்குக் கீழே இரண்டாம், மூன்றாம் வகைகள். படுவான்கரையில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர ஆசைப்பட்டால், அந்த ஆசையே அதைத் துறைக்கு அனுப்பிவிடும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை இன்னும் முந்திய வாசல். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பத்து வயதுப் பிள்ளைக்குப் பட்டினத்துப் பிரபல பாடசாலை திறக்கும். தங்க இடம் எங்கே என்பது அந்தப் பரீட்சையில் வராத கேள்வி.

மீள்திறன் என்பது ஆய்வாளர்கள் ஆக்கிய சொல். ஊரில் சொல்வது ‘தென்பு’. ‘பிள்ளைக்குத் தென்பு இருக்கு’, ‘தென்பு விட்டுப்போச்சு’, ‘போய் ரெண்டு வார்த்தை தென்பாக் கதைச்சிட்டு வா’ என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். தென்பு ஒருவருக்கு உள்ளே மட்டும் ஊறுவதில்லை, இன்னொருவர் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். உளவியல் இந்த இடத்துக்கு வந்து சேர ஐம்பது ஆண்டு எடுத்தது.

எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். கரும்புத் தோட்டத் தீவு அது, பல பிள்ளைகள் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வறுமை, குடி, பெற்றோரின் பிரிவு, மனநோய் என்று பல சுமைகளை ஒன்றாகச் சுமந்து வளர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். ஆரம்பத்தில் இந்த நல்ல மூன்றிலொன்றை வீரப் பிள்ளைகள்போலப் பார்க்கும் போக்கு இருந்தது. அவர்களைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று பார்த்தபோது பாட்டி இருந்தாள், மூத்த சகோதரி இருந்தாள், ஓர் ஆசிரியர் இருந்தார். பெற்றோர் தளர்ந்த இடத்தில் விட்டுவிடாத ஒரு பெரியவர் இருந்தார். கனடாவின் மைக்கேல் உங்கர் பதினொரு நாடுகளில் இளையோரைக் கேட்டுப் பார்த்து, தேவையானதைத் தேடிப் போகும் வழியும், கேட்டால் தனக்கு விளங்கும் வகையில் அதைத் தருகிற சமூகமும் சேர்ந்ததே மீள்திறன் என்றார். தேடிப் போவது பிள்ளையின் வேலை. கிடைக்கச் செய்வது பிள்ளையின் வேலையில்லை.

அப்படியானால் மண்டூர்ப் பிள்ளைக்கு அதைக் கிடைக்கச் செய்வது எது? என் பதில்: வீடு. அதுவும் தாய்வழி வீடு.

மட்டக்களப்பின் குடிமுறையை அறியாதவர்களுக்கு இது கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டிய விடயம். இங்கே குடி என்ற குலப்பிரிவு தாய்வழி வருகிறது. கலியாணத்தின்போது வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டுவார்கள், பிறகு அதையும் அடுத்தவளுக்குக் கொடுப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூலில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் பொதுவாக இருப்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். இந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்த பழைய முக்குவச் சட்டம் 1876ஆம் ஆண்டின் சொத்துரிமைச் சட்டத்தோடு நீதிமன்றத்தில் வழக்கொழிந்தது. வீட்டில் வழக்கொழியவில்லை.

இதன் விளைவு என்னவென்றால் சகோதரிகள் அருகருகே வாழ்கிறார்கள். ஒரு பிள்ளைக்குப் பெரியம்மாவின் அடுப்படியும் சின்னம்மாவின் அடுப்படியும் தன் அம்மாவின் அடுப்படியிலிருந்து கூப்பிடு தூரம். அம்மம்மாவின் வீடு ‘போய்த் தங்கும்’ வீடு இல்லை, பிள்ளை நாளுக்கு நாலு முறை புகுந்து வெளிவரும் வீடு. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போனால் பிள்ளை பெரும்பாலும் வளவை விட்டு அசைவதில்லை. பாயை மட்டும் மாற்றிப் போடுகிறது. தாயைப் பிரிந்த துயரம் அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் துயரத்தோடு சேர்த்து அந்நிய வீட்டின் சட்டதிட்டத்தையும் கற்க வேண்டிய இரட்டைச் சுமை இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பட்டினத்துக்குப் போகும் பிள்ளைக்கும் இதே சங்கிலி நீள்கிறது. ஆரையம்பதியிலோ கல்லடியிலோ தாயின் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி இருந்தால், அவளும் அம்மாதான். முறையிலேயே அவள் பெரியம்மா அல்லது சின்னம்மா. ‘மனே, சாப்பிட்டியா?’ என்று அவள் கேட்கும் தொனி பிள்ளைக்குப் புதிதில்லை. தந்தை வழி உறவில் போய்த் தங்கும் பிள்ளைகளும் உண்டு, ஆனால் மாமி வீட்டில் தங்குகிற பெண் பிள்ளை கொஞ்சம் விருந்தாளி, கொஞ்சம் வருங்கால மருமகள் என்ற இரண்டு பார்வைக்கும் நடுவில் படிக்க வேண்டியிருக்கும். (ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், பிறந்த வீட்டை விட்டுப் போகத்தான் போகிறோம் என்று தெரிந்தே இங்கே ஒவ்வொரு பையனும் வளர்கிறான். குடிபெயர்தலுக்கு அவனை விட வேறு யாருக்குப் பயிற்சி?)

இந்தத் தாய்வழி வீட்டைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமில்லை. அது சிலசமயம் பிள்ளையிடமே கூலி கேட்கும். பட்டினத்துச் சின்னம்மாவின் வீட்டில் தங்கிப் படிக்கிற பெண் பிள்ளை விடிய எழும்பி முற்றம் கூட்டி, கைக்குழந்தையைத் தூக்கி, பிறகுதான் புத்தகத்தைத் திறக்கும். தங்கிப் படிக்கிற பையனிடம் அதை யாரும் கேட்பதில்லை. உறவு என்ற சொல்லுக்குள் இது மறைந்துபோவதால் எந்த அதிகாரியின் கண்ணிலும் படுவதில்லை.

உறவு இல்லாத பிள்ளைக்கு ஒரு காலத்தில் விடுதி இருந்தது. கிழக்கின் கல்வி வரலாற்றை விடுதிகளின் வரலாறாகவே எழுதலாம். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் புனித மைக்கேல் கல்லூரி வந்தது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பையன் கல்முனைக்குப் போய்ப் படித்தார், பிறகு புனித மைக்கேலுக்கு வந்தார். அவர்தான் பின்னாளில் சுவாமி விபுலானந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரை நாம் ஞானியாகவும் இசை ஆய்வாளராகவும் நினைவுகூருகிறோம், சரிதான். ஊரை விட்டுப் போய்ப் படித்த பையன் என்பதையும் சேர்த்து நினைத்தால், அவர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதற்கு இன்னோர் அர்த்தம் கிடைக்கிறது. இராமகிருஷ்ண மிஷன் அங்கே மாணவர் இல்லத்தையும் நடத்தியது. தூரத்துக் கிராமத்துப் பிள்ளைக்குப் பாடசாலை மட்டும் போதாது, இரவில் தலைசாய்க்க இடமும் ஒரு தட்டுச் சோறும் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அரசும் ஒரு தலைமுறைக்கு அப்படி யோசித்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் மறுபாதியாக மத்திய பாடசாலைகள் கிராமப் பக்கங்களில் எழுந்தன. பட்டினத்துக்கு வர முடியாத பிள்ளைக்குப் பட்டினத்துப் பாடசாலையின் தரத்தையே கிராமத்துக்குக் கொண்டுபோவது திட்டம். புலமைப்பரிசில் பெற்ற பிள்ளை விடுதியில் இருந்து படிக்கும். எங்கள் பக்கத்தில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் அப்படி வந்தது. அந்த வளாகத்தில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகியது. பல்கலைக்கழகம் கிடைத்ததில் மகிழ்ச்சிதான், ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையை விடுதியில் வைத்துப் படிப்பிக்கும் அந்த எண்ணம் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. இன்று புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைக்கு மாதாந்த உதவித்தொகை உண்டு. விடுதிக் கட்டிலுக்கு ஈடாக அதை யாரும் கருத முடியாது.

உயர்தரத்துக்குப் பின் நிலைமை ஓரளவு தேவலை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. மட்டக்களப்பு அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கிறது. இருபது வயதில் பேராதனைக்கோ கொழும்புக்கோ போகும் மண்டூர்ப் பிள்ளைக்கு விடுதி உண்டு, மூத்த மாணவர் உண்டு, ஊர்க்காரரும் இருப்பார். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போகிறவர்களைத்தான் நாம் அதிர்ஷ்டத்திடம் ஒப்படைத்திருக்கிறோம்.

போரின்போது பிள்ளைகள் பட்டினத்துக்குப் போன காரணமே வேறு. 2004 நவம்பரில் வெளிவந்த மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் அறிக்கை, சிறுவர்கள் போருக்குச் சேர்க்கப்பட்டதைப் பற்றிப் பேசியபோது மட்டக்களப்பைத்தான் மையமாக வைத்தது. படுவான்கரையில் பிள்ளை வளர்த்த பெற்றோருக்கு அந்த அறிக்கை தேவைப்படவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று அதை வாவிக்கு அப்பால் உறவினரிடமோ ஓர் இல்லத்திலோ விட்டுவிடுவது. 2007 மார்ச்சில் படுவான்கரையே காலியாகிக் கரை கடந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை அந்த மாதத்தில் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியதாக அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு கணக்கிட்டது. மே மாதத்தில் வெல்லாவெளிப் பக்கத்துக்கு மீள்குடியேற்றம் தொடங்கியது.

இந்த இரண்டு வகைப் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. 2007இல் இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்த பிள்ளை பெற்றோரோடும் அயலவரோடும் ஒன்றாக வந்தது. இல்லத்தில் விடப்பட்ட பிள்ளை தனியாக வந்தது. போராலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையாலும் கிழக்கில் சிறுவர் இல்லங்கள் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வீட்டில் இல்லாமற்போனது பணம். அதற்குத் தீர்வாகப் பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்தோம். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் காயம் தனி மனதில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் விழுகிறது என்று நீண்ட காலமாக எழுதிவந்திருக்கிறார். காயம் அங்கே விழுந்தால் மருந்தும் அங்கேதான் போட வேண்டும்.

இதை விளங்கிக்கொண்ட முயற்சியாக எனக்குத் தோன்றுவது மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கியது. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை பஸ்சில் கூட்டிவந்து மண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் விட்டார்கள். பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள். பூங்காவைப் பற்றி எழுதியவர்கள் ஓவியத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் திரும்பிப் போகும் பஸ்.

திரும்ப முடியாத பயணம் எப்படி முடியும் என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று. மலையகத்தின் டயகமவிலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு இறந்தாள். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது அந்த ஆண்டில்தான் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. கட்டாயக் கல்வி வயது 2016இலேயே 16 வரை நீண்டிருந்தது. சட்டத்தில் ஓட்டை இல்லை. தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போகும் பிள்ளையை யார் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்பதற்குத்தான் ஆள் இல்லை. கிழக்கிலிருந்தும் பிள்ளைகள் இப்படிப் போயிருக்கிறார்கள். மீள்திறன் பற்றிப் பேசும்போது இவர்களை அதே பட்டியலில் சேர்ப்பது அபத்தம். அவர்களிடம் தென்பு எதிர்பார்ப்பது சுரண்டலுக்குத் துணைபோவது.

பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதில் அரசின் விதிகளுக்கும் பங்கு உண்டு என்பதை விளங்கிக்கொள்ளச் சீனாவின் கணக்கு உதவும். 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அங்கே இடம்பெயர்ந்து வாழும் பிள்ளைகள் சுமார் 7 கோடியே 10 இலட்சம். பெற்றோர் வேலைக்குப் போக ஊரில் விடப்பட்டவர்கள் சுமார் 6 கோடியே 70 இலட்சம். குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் பாடசாலை உரிமை என்ற ஏற்பாடு இந்தப் பிரிவை வளர்த்தது. நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை என்று பெருமைப்படுவதற்கு முன், முதலாம் வகுப்பு அனுமதிக்கு வாக்காளர் இடாப்பையும் வீட்டுத் தூரத்தையும் புள்ளி போட்டு அளப்பதை நினைத்துப் பார்க்கலாம். பட்டினத்தில் வாடகை அறைக்கு வந்த படுவான்கரைக் குடும்பத்துக்கு அந்தப் புள்ளிகள் கிடைப்பது கடினம்.

நம் அரசு பிள்ளையின் தாங்கும் சக்தியை எப்படி அளக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவரப்பட்டபோது 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டுப் பணிக்குப் போக முடியாது என்றார்கள். 2022 ஜூனில், நாட்டில் டொலர் தீர்ந்திருந்த நேரத்தில், அந்த வயது 2 ஆகியது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் குழந்தைகள் யாரும் அதிகம் பலசாலிகளாகிவிடவில்லை.

போன பிள்ளையை நிலைநிறுத்துபவை பெரும்பாலும் சின்னச் சின்ன விடயங்கள். ‘படுவான்கரையான்’ என்று வகுப்பில் யாராவது கேலி செய்தால், பக்கத்து வாங்கில் இன்னொரு படுவான்கரையான் இருப்பது பெரிய துணை. ‘மறுகா’ என்று வாயில் வந்துவிட்ட ஊர்ச் சொல்லைத் திருத்தாமல் கேட்கும் ஓர் ஆசிரியை பெரிய துணை. ஊரில் தனக்கென்று ஓர் இடம் இன்னும் இருக்கிறது என்ற நிச்சயம் எல்லாவற்றிலும் பெரிது. சின்னக் கதிர்காமம் என்று பேர்பெற்ற மண்டூர் முருகன் கோயிலின் திருவிழாக் காலத்தில் இதை நேரே பார்க்கலாம். மார்க் விற்றேக்கர் 1999இல் வெளியிட்ட நூல் முழுவதும் இந்த ஒரு கோயிலைப் பற்றியது. குடிகளும் ஊர்களும் கோயிலில் தத்தம் உரிமைக்காக எப்படி வாதாடுகின்றன என்பதை அவர் கூர்மையாகக் கண்டார். பட்டினத்துப் பிள்ளையின் கோணத்தில் பார்த்தால், அந்த உரிமைச் சண்டைகூட ஒரு செய்தி சொல்கிறது: உன் குடிக்கு இங்கே ஒரு நாள் இருக்கிறது, நீ எங்கே படித்தாலும் அந்த நாளில் வந்து நிற்கலாம். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவது முருகனுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவேதான் பாதையும் வீதியும் கல்விப் பிரச்சினை என்கிறேன். மாரி மழையில் மண்டூர்–வெல்லாவெளிப் பக்கத்து வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும், காற்று கடுமையானால் பாதையும் நிற்கும். அப்போது பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகவும் வழி கிடைக்காது. 2024 நவம்பர் 26இல் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். ஊரை விட்டுத் தங்கிப் படித்து, மழைக்காக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். இதே வாவியின் இன்னொரு துறையான மண்முனைத் துறைக்கு 2014 ஏப்ரலில் பாலம் வந்தது. குருமண்வெளித் துறையில் அதற்குப் பிறகும் மக்கள் பாதைக்குத்தான் காத்து நின்றார்கள்.

கல்வி வலயங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பெற்றோர் வீட்டில் இல்லாமல் வேறெங்கோ தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், யாருடைய வீட்டில் என்று ஒவ்வொரு வகுப்பாசிரியரும் வருடத் தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். செலவில்லாத வேலை. விடுதி எங்கே திறக்க வேண்டும் என்பதை அந்தத் தாள்களே சொல்லும்.

பட்டினத்தில் வீடு வைத்திருக்கும் வாசகருக்கும் ஒரு வார்த்தை. மண்டூரிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்த பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் தங்கிப் படித்தால், வெள்ளிக்கிழமைகளில் அதற்கு வேலை எதுவும் வைக்காதீர்கள். குருமண்வெளித் துறைக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேரும்படி நேரத்துக்கு பஸ் ஏற்றிவிடுங்கள்.